பதினான்கு செகண்டில் மூச்சு

பிள்ளைகளா, உங்கள் தாத்தாவின் மூச்சுப் பம்ப்பு கதையை நீங்கள் இரண்டு பேரும் ஊரெல்லாம் சொல்லி முடித்துவிட்டீர்கள். பெரியவள் சொல்வதில் பாதி நடந்தது. சின்னவன் சொல்வதில் தாத்தா ஒரு லாரியை முந்துகிறார், அது நடக்கவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி நானே எழுதி வைக்கிறேன். நான் பத்தாவதும் ஐடிஐயும் படித்தவன். எங்காவது வாக்கியம் இடித்தால் பெரியவள் சரிசெய்து படிக்கட்டும். இதில் தப்பு செய்தவன் நான்தான், அதனால் நானே சொல்வதுதான் மரியாதை.

தாத்தாவுக்கு மூச்சு வாங்குவது எங்களுக்கு ரொம்ப நாள் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டார். முதலில் மெயின் ரோட்டு டீக்கடைக்குப் போவதை விட்டுவிட்டு, தெருமுனை டீக்கடைக்கு மாறினார். அங்கே பால் திக்காக இருக்கிறது என்றார், நம்பினோம். பிறகு தெருமுனைக்கும் போகவில்லை. இந்த வயதில் டீ உடம்புக்கு ஆகாது என்றார், அதையும் நம்பினோம். உங்கள் அம்மா மட்டும், டீ ஆகாது என்கிற மனிதர் வீட்டில் போட்டால் மூன்று தம்ளர் குடிக்கிறாரே என்று கேட்டாள். குளிக்கப் போனால் முக்கால் மணி நேரம் ஆகும். ஒருநாள் கதவிடுக்கில் பார்த்தால், வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்து தலை துவட்டிக்கொண்டிருக்கிறார். இரண்டு துவட்டு, ஒரு ஓய்வு, இரண்டு துவட்டு. போனில் யார் பேசினாலும் ‘ம்’ என்பதோடு சரி. முன்பெல்லாம் அவர் போன் பேசினால் அடுத்த தெருவில் இருப்பவர் பதில் சொல்வார்.

இப்படி அவருடைய உலகம் டீக்கடை டீக்கடையாகச் சுருங்கிக்கொண்டே வந்தது. நாங்கள் அதை வயசு என்று நினைத்துக்கொண்டோம்.

அப்போதுதான் உங்கள் அத்தை மகளுக்கு மஞ்சள் நீராட்டு விழா வைத்தார்கள். மூன்று வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சுங்குவார்சத்திரத்தில் அத்தை வீட்டாருக்கு ஒரு வழக்கம் உண்டு. தாய்வீட்டுச் சீர் வண்டியில் வந்து வாசலில் இறங்கக்கூடாது. மாரியம்மன் கோயிலில் தட்டுகளை வைத்துக் கும்பிட்டு, அங்கிருந்து மேளத்தோடு நடந்து வரவேண்டும். தாய்மாமன் என்பதால் மாலைத் தட்டு எனக்கு. ஆனால் பட்டுப்புடவைத் தட்டு பெண்ணின் தாத்தாவுக்கு. அதை அவர்தான் தூக்கி வரவேண்டும், வேறு யார் கையிலும் போகாது.

அத்தையின் மாமியார் நல்ல மனசோடுதான் போன் செய்தார். சம்மந்திக்கு முடியவில்லையென்றால் ஒரு ஆட்டோவில் தட்டோடு வந்து இறங்கட்டும், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள் என்றார். போன் ஸ்பீக்கரில் இருந்தது. தாத்தா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போனை வைத்ததும் சொன்னார்:

“ஆட்டோல கொண்ணாந்து எறக்கறதுக்கு நான் இன்னா கேஸ் சிலிண்டரா? நடந்து வந்தா வரேன். இல்லன்னா இங்கியே கீறேன்.”

அன்று சாயந்திரம் உங்கள் அத்தை போனில் அழுதாள். அப்பா இல்லாமல் அந்தப் பட்டுப்புடவையை யார் கையிலிருந்து வாங்குவது என்று கேட்டாள். ஆக, மூன்று வாரத்தில் தாத்தா அந்தத் தூரத்தை நடக்கவேண்டும். இல்லையென்றால் அவர் வரமாட்டார், அத்தைக்கு அது விழாவே இல்லை. இவ்வளவுதான் எங்கள் முன்னால் இருந்தது.

லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே ஒரு குழாயை வாயில் வைத்து ஊதச் சொல்லும் பரிசோதனை. ஊதச் சொல்கிற அம்மா ‘ஊதுங்க ஊதுங்க ஊதுங்க விடாதீங்க’ என்று போட்ட சத்தத்தில், வெளியில் வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் சேர்ந்து ஊதினார்கள். டாக்டர் பொறுமையாகச் சொன்னார். இருபத்திரண்டு வருஷம் ரைஸ் மில் தவிட்டுத் தூசியும், அதற்கு மேலாகப் பீடியும் சேர்ந்து மூச்சுக்குழாயைச் சுருக்கிவிட்டன. போனது திரும்பாது. ஆனால் இருப்பதை வைத்து நன்றாக நடக்கலாம். அதற்கு இரண்டு காரியம். பீடியை நிஜமாகவே விடவேண்டும். இன்ஹேலர் என்கிற பம்ப்பு மருந்தைக் காலையிலும் மாலையிலும் இரண்டிரண்டு முறை, முறையாக இழுக்கவேண்டும்.

‘நிஜமாகவே’ என்றபோது டாக்டர் தாத்தாவின் சட்டைப் பையைப் பார்த்தார். தாத்தா தீப்பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு, சாமி விளக்குக்கு என்றார். பீடிக் கட்டை எடுத்தபோது அதற்கு எந்தச் சாமியையும் சொல்ல முடியவில்லை.

மருந்து கொடுத்த இடத்தில் கூட்டம். பம்ப்பைக் குலுக்குவதிலிருந்து வாய் கொப்பளிப்பது வரைக்கும் வரிசையாக அச்சடித்த ஒரு தாளைக் கொடுத்தார்கள். இங்கேதான் உங்கள் அப்பன் வருகிறான்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். ஒரகடத்தில் பிரேக் பாகம் செய்கிற கம்பெனியில், வார்ப்பில் வந்த துண்டுகளின் பிசிறைத் தேய்த்து எடுக்கும் வேலை. எங்களுக்கு உள்ளே கால் வைத்த நாளிலிருந்து சொல்லித் தருவது ஒன்றுதான். ஒரு வேலையைக் கையில் எடுத்தால் அதில் வீணாகப் போகிற நேரம் எது என்று பார். கை அசையாமல் நிற்கும் நேரம் எல்லாம் வீண். அதை வெட்டு. என் மேஜையில் அப்படி ஆறு செகண்டு வெட்டியதற்காக மேடையில் கூப்பிட்டு ஒரு சர்டிபிகேட்டும் ஹாட்பாக்ஸும் கொடுத்தார்கள். அந்த ஹாட்பாக்ஸில் உங்கள் அம்மா இட்லி வைக்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் நெஞ்சு நிமிரும். அந்த நிமிர்வுதான் வினை.

தாளில் இருந்தபடி தாத்தாவைச் செய்யச் சொல்லி நேரம் பார்த்தேன். கிட்டத்தட்ட இரண்டு நிமிஷம். அதில் என்னென்ன இருக்கிறது என்று பிரித்து எழுதினேன். மருந்தை இழுத்த பிறகு பத்து எண்ணும்வரை மூச்சைப் பிடித்து வைக்கவேண்டும். கை சும்மா, கால் சும்மா. வெயிட்டிங் என்று எழுதி அடித்தேன். முதல் முறைக்கும் இரண்டாம் முறைக்கும் நடுவில் ஒரு நிமிஷம் இடைவெளி. அதுவும் வெயிட்டிங். அடித்தேன். கடைசியில் வாய் கொப்பளிப்பது. காலையில் பல் விளக்கும்போது எப்படியும் கொப்பளிப்பார், ஒரே வேலையை இரண்டு தடவை ஏன் என்று அதையும் அங்கே சேர்த்துவிட்டேன். மெதுவாக இழு என்று இருந்ததை வேகமாக இழு என்று மாற்றினேன். குலுக்கு, அழுத்து அழுத்து, சர்ரென்று இழு, முடிந்தது. அதைப் படம் போட்டு ஒரு தாளில் எழுதி, கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டினேன்.

பெரியவளே, நீ அப்போது ஏழாவது. போனில் ஸ்டாப்வாட்ச் உன் கையில். சின்னவன் ‘ரெடி, ஸ்டார்ட்’ சொல்வான். தாத்தாவுக்கும் போட்டி என்றால் சந்தோஷம். முதல் நாள் முப்பது செகண்டு, நாலாம் நாள் இருபது. அடுத்த வாரம் பதினான்கு. அன்று நீங்கள் கைதட்டினீர்கள், தாத்தா பம்ப்பைக் கோப்பை மாதிரி தூக்கிக் காட்டினார். அதை நான் போட்டோ எடுத்து கம்பெனி நண்பர்களுக்கு அனுப்பினேன். ஒருவர்கூட ‘ஏன்டா இப்படி’ என்று கேட்கவில்லை. பதினைந்து பேர் கட்டைவிரலைத் தூக்கிப் போட்டிருந்தார்கள்.

பதினோரு நாள் ஆயிற்று. மூச்சில் ஒரு மாற்றமும் இல்லை. தொண்டை மட்டும் கட்டிக்கொண்டது. நான் பம்ப்பைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தேன். பீஸ் பழுதாக இருக்கும் என்று சந்தேகப்பட்டேன். என் தாளின் மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது, தாத்தா யாருக்கும் சொல்லாமல் நடந்து பார்க்கக் கிளம்பியிருக்கிறார். தெருமுனைவரைகூடப் போகவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வந்து, உங்க அப்பா லைட் கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்றார். ஓடினேன். நெற்றியெல்லாம் வேர்வை. தோள்பட்டை ஒவ்வொரு மூச்சுக்கும் காதுவரைக்கும் ஏறி இறங்கியது. மூச்சுக்குத் திண்டாடுகிறவரிடம் நான் என்ன கேட்பது. முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றேன். அந்தக் கம்பத்தில் மனை விற்பனைக்கு என்று ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. பேசும் அளவுக்கு மூச்சு வந்ததும் அதைக் காட்டினார்.

“பிளாட் வெல பாத்துக்கினு இருந்தேன். ஏறிப்போச்சுடா.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வரும்போது, அத்தையிடம் முன்னாடியே சொல்லிவிடு, கடைசி நேரத்தில் அழப்போகிறாள் என்றார். அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. மறுநாளே திரும்பவும் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

இந்த முறை அங்கே இருந்த நர்ஸ் என்னைவிடச் சின்னவர். மருந்து வேலை செய்யவில்லை என்று நான் புகார் சொன்னேன். அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. தாத்தாவைப் பார்த்து, எப்படி எடுக்கிறீர்கள், ஒருமுறை செய்து காட்டுங்கள் என்றார். தாத்தா சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். குலுக்கு, அழுத்து அழுத்து, சர்ர். முடித்துவிட்டு, கைதட்டு வரும் என்று அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தார்.

தாத்தாவின் மூக்கிலிருந்தும் வாயிலிருந்தும் மெல்லிய புகை மாதிரி மருந்து வெளியே போய்க்கொண்டிருந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்தோம்.

“யாருங்க சொல்லிக் குடுத்தது?”

“எம்புள்ளதாம்மா,” என்றார் தாத்தா. “கம்பெனில இதுக்குன்னே ப்ரைஸ் வாங்கனவன்.”

எனக்கு அந்த நாற்காலிக்கு அடியில் போய்விடலாம் போல இருந்தது. நான் வெட்டியதையெல்லாம் ஒவ்வொன்றாக நர்ஸிடம் ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

“ஸ்டாப்புல பஸ் நிக்காமலே போனா ஆளு எப்படி சார் எறங்கும்? மருந்து எறங்கறதுக்குத்தான் அந்தப் பத்து செகண்டு. நீங்க எந்தக் கம்பெனி?”

பிரேக் செய்கிற கம்பெனி என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது. தாத்தா அடக்கவில்லை. சிரித்துச் சிரித்து இருமல் வந்து, அதற்கு வேறு தண்ணீர் கொடுக்கவேண்டி வந்தது.

அதன்பிறகு அந்தப் பெண் கால் மணி நேரம் செலவழித்தார். பம்ப்பின் முனையில் மாட்டிக்கொள்ள ஒரு நீளமான பிளாஸ்டிக் குடுவை கொடுத்தார். முதலில் நெஞ்சுக்குள் இருக்கும் காற்றை முழுக்க வெளியே விடவேண்டும். ஒருமுறை அழுத்தி, பாயசம் குடிக்கிற மாதிரி மெதுவாக இழுக்கவேண்டும். பிடித்து வைக்கவேண்டும். காத்திருந்து இரண்டாவது. கட்டாயம் கொப்பளிக்கவேண்டும், இல்லையென்றால் தொண்டை கட்டும். நடக்கும்போது மூச்சு முட்டினால் பயந்து வேகமாக இழுக்கக்கூடாது. நின்று, கொஞ்சம் முன்னால் சாய்ந்து, விசில் அடிக்கிற மாதிரி உதட்டைக் குவித்து நீளமாக ஊதி வெளியே விடவேண்டும். ஒவ்வொன்றையும் தாத்தாவைச் செய்யவைத்துப் பார்த்தார். மறுபடியும் செய்யவைத்தார். எங்கள் கம்பெனியில் இந்தப் பெண் இருந்தால் அந்த ஹாட்பாக்ஸ் எனக்குக் கிடைத்திருக்காது.

வீட்டில் ஸ்டாப்வாட்ச் போய் எண்ணிக்கை வந்தது. பத்துவரை எண்ணுவது சின்னவன் வேலை. அவன் ஐந்து வந்ததும் வேகம் பிடிப்பான். தாத்தா வாயைத் திறக்க முடியாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டே விரலை ஆட்டி எச்சரிப்பார். நாலைந்து நாளில் குளியல் சீக்கிரமானது. எட்டாவது நாள் தாத்தா தெருமுனைக் கடையில் டீ குடித்துவிட்டு வந்து, பால் ஒன்றும் அவ்வளவு திக்காக இல்லை என்றார்.

ஆனாலும் கோயிலிலிருந்து அத்தை வீடு மூன்று தெரு. எனக்குப் பயம்தான். தாத்தாவுக்குத் தெரியாமல் ஒரு ஆட்டோவைப் பேசி, ஊர்வலத்துக்குக் கடைசியில் தள்ளி வரச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் தட்டுகளைப் பரப்பிக்கொண்டிருந்தோம். தாத்தா பம்ப்பை முறையாக எடுத்துவிட்டு, ஒரு ஓரமாக நின்று உதட்டைக் குவித்து ஊதிப் பழகிக்கொண்டிருந்தார். பேண்டு செட்டில் டிரம்பெட் ஊதுகிறவர், ஐம்பது வயசிருக்கும், அதைப் பார்த்துவிட்டு என் பக்கத்தில் வந்தார்.

“பெரியவருக்கு மூச்சு வாங்குமா?”

நான் கொஞ்சம் தயங்கினேன். ஊதிப் பிழைக்கிறவனிடம் மூச்சை மறைக்க முடியுமா என்று கேட்டுச் சிரித்தார். பிறகு அவரே ஒரு வழி சொன்னார். தான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போவதாகவும், பெரியவர் எங்கே நிற்கிறாரோ அங்கே பேண்டும் நின்று ஒரு குத்துப்பாட்டு வாசிக்கும் என்றும் சொன்னார். ஆட்டத்துக்காக ஊர்வலம் நின்றது என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள், பெரியவருக்காக என்று யாருக்கும் தெரியாது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

முதல் நிறுத்தம் வெல்டிங் பட்டறை வாசல். உங்கள் அம்மா ஆடினாள். ஆடவில்லை என்று இப்போது சொல்வாள், நம்பாதீர்கள். இரண்டாவது லாட்ஜுக்கு எதிரில். இரவு ஷிப்ட் முடித்துப் படுக்கப் போன பையன்கள், எந்தெந்த ஊரோ, பனியனோடு இறங்கிவந்து நம் ஆட்களோடு சேர்ந்து ஆடினார்கள். அதில் ஒருவன் உங்கள் பெரியம்மாவிடமிருந்து பழத்தட்டை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு ஆடி, ஒரு பழம்கூட விழாமல் திருப்பிக் கொடுத்தான். தாத்தா ஒவ்வொரு முறையும் ஆட்டத்தை ரசிப்பவர் போல நின்று, நீளமாக ஊதிக்கொண்டு, தலையை ஆட்டினார்.

மூன்றாவது நிறுத்தம் நாங்கள் நினைத்த இடத்தில் வரவில்லை. தெரு திரும்பியதும் ஒரு சின்ன மேடு. பாதியில் தாத்தா நின்றுவிட்டார். ஒரு கையை முட்டியில் ஊன்றிக் குனிந்தார். மறு கையில் பட்டுப்புடவைத் தட்டு. நான் தட்டை வாங்கக் கை நீட்டினேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் கையை எடுத்துக்கொண்டேன். பேண்டு ஒரு பாட்டு முடித்து அடுத்ததை ஆரம்பித்தது. ஆடுகிறவர்களுக்குக் கொண்டாட்டம். எனக்குப் பின்னால் ஆட்டோ என்ஜின் மட்டும்தான் கேட்டது. உதட்டைக் குவித்து ஊதினார், நின்றார், ஊதினார். நானும் கூடவே ஊதிக்கொண்டிருந்தேன் என்று பக்கத்தில் நின்றவர்கள் பிறகு சொன்னார்கள். இரண்டாவது பாட்டு பாதி போகையில் தாத்தா நிமிர்ந்தார். டிரம்பெட்காரரைப் பார்த்து, போகலாம் என்று தலையை அசைத்தார். அவரும் தலையை அசைத்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, எங்கள் ஏற்பாடு தாத்தாவுக்கு முதல் நிறுத்தத்திலேயே தெரிந்திருக்கிறது.

வாசலில் ஆரத்தித் தட்டோடு அத்தையும் அவள் மாமியாரும் நின்றார்கள். வாங்க சம்மந்தி, நல்லா இருக்கீங்களா என்று அந்த அம்மா கேட்டார். தாத்தாவால் பேச முடியவில்லை. ஒரு கையை உயர்த்தினார். பெரியவர் ஏதோ சொல்லப்போகிறார் என்று நினைத்து மேளத்தை நிறுத்தினார்கள், கூட்டம் அமைதியாகிவிட்டது. எல்லாரும் காத்திருந்தார்கள். தாத்தா நிதானமாக நாலு மூச்சு விட்டார். பிறகு தட்டைப் பேத்தியின் கையில் வைத்தார். உங்கள் அத்தை இந்த முறையும் அழுதாள், ஆனால் முகம் முழுக்கச் சிரிப்பு. தாத்தா அவளைப் பக்கத்தில் கூப்பிட்டு, வாசலுக்கு வந்தபிறகு முதல் வார்த்தையாக இதைச் சொன்னார்:

“ஆட்டோக்காரன் கோயிலாண்டர்ந்து பின்னாலயே வந்துக்கினு கீறான், பாவம். அவனுக்கும் ஒரு எல போடும்மா.”

சாயந்திரம் வேனில் திரும்பும்போது நீங்கள் இரண்டு பேரும் அவர் மடியில் ஆளுக்கொரு பக்கம் தூங்கிவிட்டீர்கள். தாத்தாவுக்கு அசதி, ஆனால் பேச்சு ஓயவில்லை. மில்லில் வேலை செய்த நாட்களைச் சொல்லிக்கொண்டு வந்தார். தவிடு பறக்கும், எதிரில் நிற்கும் ஆள் தெரியாது, எல்லாரிடமும் துண்டு இருக்கும் என்றார். துண்டை மூக்கில் கட்டிக்கொள்ளவில்லையா என்று கேட்டேன். தலையில் கட்டிக்கொள்வோம், தூசி பட்டால் முடி கொட்டிவிடுமே என்றார். சொல்லிவிட்டுத் தன் வழுக்கையைத் தடவிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

திங்கட்கிழமை எனக்கு முதல் ஷிப்ட். கம்பெனி பஸ் கொஞ்சம் முன்னதாகவே போய்ச் சேர்ந்துவிட்டது. தேய்க்கும் இடத்துக்கு நான்தான் முதல் ஆள். அங்கே தூசிக்கு முகமூடி வைத்திருப்பார்கள். நான் தினமும் ஒன்று எடுப்பேன், தாடைக்குக் கீழே தொங்கவிட்டுக்கொள்வேன், சூப்பர்வைசர் வந்தால் மேலே ஏற்றுவேன். அன்று யாரும் இல்லை. பெட்டியிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்து, இரண்டு பட்டையையும் தலைக்குப் பின்னால் மாட்டி, மூக்கின் மேலிருக்கும் கம்பியை இரண்டு விரலால் அழுத்தினேன். ஓரத்தில் காற்று கசிகிறதா என்று ஊதிப் பார்த்தேன். கசிந்தது. கம்பியை இன்னொரு முறை அழுத்தினேன்.